26 அடி ஃபைபர் போட்டுக்கு எத்தனை கிலோ நங்கூரம்?

கேள்வி சுருக்கமாக இது: 26 அடி நீளம், சின்ன கேபின், சாமான் ஆட்கள் எல்லாம் சேர்த்து இரண்டரை டன். காசிமேட்டில் நிற்கிற போட். வாரக் கடைசியில் வீட்டாரோடு எண்ணூர், பழவேற்காடு பக்கம் போய் ஓர் இரவு கடலில் தங்கி வர ஆசை. போட்டோடு வந்த நாலு கை கம்பி நங்கூரம் 12 கிலோ. திருவொற்றியூருக்கு வெளியே ஒரு மத்தியானம் அது பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. அதே மாதிரி 20 கிலோவில் ஒன்று அடித்துக்கொண்டால் போதுமா?

போதாது. அதே வடிவத்தில் 20 கிலோ போட்டாலும் அதே மணலில் அதே மாதிரிதான் இழுபடும்; தூக்குகிறவர் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான். உங்கள் போட்டுக்கு மணலில் புதையும் வகை நங்கூரம் 10 கிலோ, அதோடு 8 மி.மீ. குட்டைக் கண்ணிச் சங்கிலி 10 மீட்டர், அதன் பின்னால் 14 மி.மீ. நைலான் கயிறு 80 மீட்டர். இதுதான் பதில். ஏன் இந்த அளவு, எங்கே தப்பு நடக்கும் என்பதைக் கீழே எழுதுகிறேன். நங்கூரம் மட்டும் சரியாக இருந்து, அதைச் சங்கிலியோடு மாட்டும் ஷேக்கிளோ (ஊசி போட்டுப் பூட்டும் U வடிவ வளையம்), போட்டில் கயிறு கட்டும் கிளீட்டோ சொதப்பினால் பலன் ஒன்றுதான், போட் கல்லில் போய் ஏறும்.

முதலில் கம்பி நங்கூரத்துக்கு நியாயம் செய்துவிடலாம். காசிமேட்டு ஃபைபர் போட்காரர்கள் அதை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பார் (கடலடிப் பாறை) மேல் நின்று தூண்டில் போடும்போது அதன் கை கல்லிடுக்கில் மாட்டும், நன்றாகப் பிடிக்கும். கிளம்பும்போது இன்ஜின் போட்டு இழுத்தால் கை நிமிர்ந்து விடுபடும், கரைக்கு வந்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். செலவும் குறைவு. ஆட்கள் விழித்திருந்து தொழில் செய்யும் சில மணி நேரத்துக்கு அது சரியான சாமான். நீங்கள் கேட்பது வேறு வேலை: எல்லோரும் தூங்கும்போது மணலிலோ சேற்றிலோ போட்டை நிறுத்தி வைக்க வேண்டும். கம்பியை மணலில் குத்தி இழுப்பதற்கும் மண்வெட்டியைப் பதித்து இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். நாலு கையில் அடியில் படுவது இரண்டுதான். விரல் தடிமன் உள்ள அந்த இரண்டு கம்பியும் மணலைக் கீறிக்கொண்டே வரும். எடையை ஏற்றினால் கீறல் கொஞ்சம் ஆழமாகும்.

இழுவை எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏ.பி.ஒய்.சி. என்ற அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் அட்டவணையில் 25 அடிப் படகுக்கு, மணிக்கு 55 கிலோமீட்டர் காற்றில் சுமார் 220 கிலோ இழுவை. 78 கிலோமீட்டர் காற்றில் சுமார் 445 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். அந்த எண்களும்கூட ஓரளவு அலை மறைவான இடத்தை வைத்துச் சொன்னவை. ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை நம் கரை திறந்த கரை, ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. அலை ஒவ்வொன்றும் அணியத்தை, அதாவது போட்டின் முன்பக்கத்தைத் தூக்கி வெடுக்கென்று இழுக்கும். அதனால் 220ஐ வழக்கமான இழுவை என்றும் 445ஐ இரவு திடீர் மழைக்காற்றில் வரக்கூடியது என்றும் வைத்துக்கொண்டுதான் எல்லாப் பாகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது காற்றுத் திரும்புவது. கடையில் நங்கூரம் வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் சென்னையில் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். விடிகாலையில் கரையிலிருந்து மேல்காற்று வீசும். போட் நங்கூரத்துக்குக் கிழக்கே, கடல் பக்கம் நிற்கும். மத்தியானத்தை ஒட்டிக் கடல்காற்று ஏறினால் போட் அப்படியே சுற்றி நங்கூரத்துக்கு மேற்கே, கரைப் பக்கம் வந்துவிடும். 56 மீட்டர் கயிறு விட்டிருந்தால் போட் நிற்கும் இடம் 110 மீட்டர் மாறுகிறது. காலையில் கல்சுவருக்கு 150 மீட்டர் தள்ளி நிற்பதாக நிம்மதியாக இருந்தவர், மத்தியானம் 40 மீட்டரில் இருப்பார். அதே நேரத்தில் நங்கூரமும் எதிர்த்திசையில் இழுபடுகிறது. நாலு கை நங்கூரத்தில் இரண்டு கை எப்போதும் மேலே நிமிர்ந்து நிற்கும். போட் சுற்றும்போது சங்கிலியோ கயிறோ அதில் ஒரு கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். பிறகு இழுப்பது நங்கூரத்தின் தண்டை அல்ல, அதன் கையை. நங்கூரம் கவிழ்ந்து பந்து மாதிரி உருளும். திருவொற்றியூரில் மத்தியானம் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே நங்கூரத்திடம் இரண்டு குணம் கேளுங்கள்: தானாகப் புதைய வேண்டும், காற்றுத் திரும்பினால் கவிழ்ந்தாலும் மறுபடி தானாகப் புதைய வேண்டும்.

வகைகளில், கலப்பை வடிவம் பழையது. கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1933இல் காப்புரிமை வாங்கிய சி.க்யூ.ஆர். அதன் மூலம். நல்ல சாமான், ஆனால் கெட்டி மணலில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வழுக்கும் வழக்கம் அதற்கு உண்டு. டெல்டா அதே கலப்பையின் மூட்டில்லாத தம்பி; விலையும் பிடிப்பும் நடுத்தரம். டான்ஃபோர்த், இரண்டு தட்டையான அலகு (மண்ணில் புதையும் தகடு) மடங்கும் வகை. மணலிலும் சேற்றிலும் எடைக்கு மிஞ்சிய பிடிப்பு, மடித்து வைக்க இடமும் குறைவு. அதன் குறை இரண்டு: கல் ஒன்றோ கிழிந்த வலைத் துண்டோ அலகின் மூட்டில் சிக்கினால் மறுபடி திறக்காது, காற்றுத் திரும்பிப் பிடுங்கிக்கொண்டால் வேகமாக இழுபடும்போது தட்டுப் போல மிதந்துகொண்டு வரும், புதையாது. ஒரே திசையில் இழுக்கும் வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. முதல் நங்கூரமாக மட்டும் வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது அகப்பை மாதிரி குழிந்த அலகும், மேலே அரைவட்ட வளையமும் கொண்ட வகை. ரோக்னா, மேன்டஸ் எல்லாம் இந்தக் குடும்பம். வளையம் இருப்பதால் எப்படி விழுந்தாலும் உருண்டு கூர்நுனி கீழே வரும். குழிந்த அலகு மணலை அள்ளிக்கொண்டு இறங்கும். இரண்டரை டன், 8 மீட்டர் போட்டுக்கு 10 கிலோ சரி. இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் பெரியதை எடுங்கள். 6 கிலோ போதும் என்று யாராவது சொன்னால், அது ஆட்கள் விழித்திருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும் கணக்கு.

நம் ஊர்ப் பட்டறையில் படம் காட்டி அடித்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். வெல்டிங் செய்ய நல்ல கைகள் நிறைய உண்டு, சந்தேகமில்லை. தொல்லை கோணத்தில் இருக்கிறது. தண்டுக்கும் அலகுக்கும் உள்ள கோணம் சில டிகிரி மாறினாலே நுனி இறங்காமல் மேலே வழுக்கும். எடை அலகின் நுனிப் பக்கம் சேர்ந்திருக்க வேண்டும்; நகலில் தண்டு தடித்து நுனி இளைத்துவிடும். தண்டுக்குச் சாதா இரும்புத் தகடு போட்டால் பக்கவாட்டு இழுவையில் வளையும். அசலை நேரில் வைத்து அளவெடுத்து அடிக்க முடிந்தால் யோசியுங்கள். போனில் உள்ள படத்தை வைத்து வேண்டாம். அடித்ததை வெறும் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்யக் கேளுங்கள்.

சங்கிலிக்கு வருவோம். அது செய்யும் வேலை இரண்டு: நங்கூரத்தின் தண்டைத் தரையோடு தரையாக அழுத்தி வைக்கிறது, கயிறு அடியில் உள்ள சிப்பி, கல், இரும்புத் துண்டில் உரசாமல் காக்கிறது. 8 மி.மீ. குட்டைக் கண்ணிச் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மண்ணடியிலோ காசிமேட்டிலோ கடையில் உதவும். 10 மீட்டரைத் தராசில் வைத்தால் 14 கிலோ பக்கம் காட்ட வேண்டும். 11, 12 காட்டினால் நீளக் கண்ணிச் சங்கிலியாக இருக்கும், அல்லது கம்பி 8 மி.மீ.க்குக் குறைவாக இருக்கும். வெர்னியர் கையோடு கொண்டுபோய்க் கண்ணியின் தடிமனை அளந்துவிடுங்கள். பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னுவது மெல்லிய எலக்ட்ரோ பிளேட்டிங். ஒரு பருவத்தில் துரு பிடிக்கும். ஹாட் டிப் பூச்சு மங்கலாக, சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அதைத்தான் வாங்க வேண்டும்.

நங்கூரம் 10, சங்கிலி 14, ஆக 24 கிலோ. 8 மீட்டர் தண்ணீரிலிருந்து கடைசியில் நேராகத் தூக்கும்போது கையில் வருவது சுமார் 20 கிலோ. ஓர் ஆள் வின்ச் இல்லாமல் இழுக்கக் கூடிய எல்லை அது. அதனால்தான் முழுவதும் சங்கிலி போடச் சொல்லவில்லை. 50 மீட்டர் சங்கிலி 70 கிலோ, அதை அணியத்தில் ஏற்றினால் இந்த அளவு போட் மூக்கைக் குத்திக்கொண்டு ஓடும்.

கயிறு நைலான்தான். கடையில் கண்ணுக்கு முதலில் படுவதும் மலிவானதும் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு. அது மிதக்கும், நீளாது, வெயிலில் நார் நாராகப் பொடியும். காற்று நின்ற நேரத்தில் கயிறு தொய்ந்து தண்ணீர் மேல் மிதந்தால் பக்கத்தில் போகும் ஃபைபர் போட்டின் விசிறி அதை அறுத்துவிடும், உங்கள் விசிறியே கூட அறுக்கும். நைலான் முங்கும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு, அலையின் வெடுக்கென்ற இழுப்பை வாங்கிக்கொண்டு திரும்பும்; நங்கூரம் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதில் பாதிப் பங்கு இந்த நீட்சிக்கு உண்டு. இதனாலேயே அளவுக்கு மீறித் தடித்த கயிறும் கூடாது. மூன்று புரி நைலான் 12 மி.மீ. புதிதாக இருக்கும்போது 3 டன் அளவில்தான் அறும், பலம் போதும். 14 கேட்பது கைக்குப் பிடி கிடைக்கவும், உரசித் தேய இடம் இருக்கவும். நுனி எரித்துப் பார்த்தால் அடையாளம் தெரியாது, நைலான், பி.பி. இரண்டுமே உருகும். ஆனால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் மிதப்பதும் முங்குவதும் உடனே தெரிந்துவிடும். வாங்கியதும் 10 மீட்டருக்கு ஓர் அடையாளம் கட்டிவிடுங்கள். இருட்டில் கை தடவினாலே தெரியும்படி முடிச்சுப் போட்ட நூல் நல்லது.

இணைப்புகளில் அவசரம் கூடாது. கயிற்றைச் சங்கிலியில் நேராக முடிச்சுப் போட்டால் முடிச்சு கயிற்றின் பலத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும், கண்ணியின் ஓரத்தில் தேயவும் செய்யும். கால்வனைஸ் திம்பிள் (கயிறு தேயாமல் உள்ளே வைக்கும் உலோக வளையம்) ஒன்றை வைத்து அதைச் சுற்றிக் கயிற்று நுனியின் மூன்று புரியையும் கயிற்றின் உடலுக்குள் பின்னி விடுங்கள். நைலான் வழுக்கும், ஐந்து சுற்றுப் பின்னலுக்குக் குறையக் கூடாது. திம்பிள் கண்ணுக்குள் ஆடினால் வாயருகில் நூல் சுற்றி இறுக்குங்கள். ஷேக்கிள் வாங்கப் போகும்போது சங்கிலியின் கடைசித் துண்டையும் நங்கூரத்தின் கண் அளவையும் கொண்டு போங்கள்; ஊசி நுழைகிற மிகப் பெரிய ஷேக்கிளை எடுங்கள். பாரம் எழுதாத ஷேக்கிள் வேண்டாம்.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷேக்கிள் அழகாக இருக்கும் என்று கால்வனைஸ் சங்கிலியில் போடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டால் துத்தநாகப் பூச்சுதான் பலியாகும். ஷேக்கிளுக்குப் பக்கத்துக் கண்ணிகள் முதலில் துருப்பிடிப்பதைப் பார்க்கலாம். கால்வனைசுக்குக் கால்வனைஸ். ஊசியின் மரையில் கிரீஸ் தடவி, ஸ்பானரால் இறுக்கி, ஊசியின் ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டு ஷேக்கிள் உடலோடு இரண்டு சுற்றுக் கட்டி முறுக்கிவிட வேண்டும். கட்டாத ஊசி ஓர் இரவு ஆட்டத்திலேயே கழன்று வரும். கம்பியின் முறுக்கு நுனியை உள்ளே மடித்து விடுங்கள், இல்லையென்றால் இழுக்கும் கையைக் கிழிக்கும். சுவிவல் (சுழலும் இணைப்பு) தேவையில்லை. பக்கவாட்டு இழுவையில் முதலில் உடைவது அதுதான்.

போட் பக்கத்து முனைதான் நம் ஃபைபர் போட்களில் பலவீனமான இடம். அணியத்துக் கிளீட்டை நாலு ஸ்க்ரூவில் ஃபைபர் மேல் நிறுத்தியிருப்பார்கள். கைவிளக்கோடு முன் அறைக்குள் தலையை விட்டு அடியிலிருந்து பாருங்கள். ஸ்க்ரூ நுனி மட்டும் தெரிந்தால் அந்தக் கிளீட் 445 கிலோவைத் தாங்காது. 14 மி.மீ. கயிற்றுக்கு 10 அங்குலக் கிளீட், நாலு 10 மி.மீ. போல்ட் டெக்கைத் துளைத்து அடிவரை. அடியில் கிளீட்டைவிட நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் அகலமான 18 மி.மீ. மரைன் பிளைவுட், எபாக்சி பூசியது. அதன் கீழ் பெரிய வாஷர், நைலாக் நட். டெக்கின் நடுவில் ஃபோமோ மரமோ இருந்தால் துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்சி ஊற்றி, காய்ந்த பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். நேராகப் போல்ட் போட்டு இறுக்கினால் நடுப்பகுதி நசுங்கும், தண்ணீர் இறங்கும், இரண்டு வருடத்தில் டெக் சதசதக்கும். கிளீட்டுக்கு அடியில் பாலியூரித்தேன் சீலன்ட். கயிறு ரோலரைத் தொடும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு அரை மீட்டர் மாட்டிக் கட்டிவிடுங்கள். கயிற்றின் கடைசி நுனி உள்ளே ஓர் உறுதியான வளையத்தில் கட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கத்தி எப்போதும் இருக்க வேண்டும். ஒரு கப்பல் நேராக வந்தால் அவிழ்க்க நேரம் இருக்காது.

எவ்வளவு கயிறு விடுவது? ஆழத்தை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான தப்பு. தண்ணீர் 6 மீட்டர் (மூணேகால் பாகம்), அணியம் தண்ணீருக்கு மேல் 1 மீட்டர், ஏற்றவற்றத்துக்கு இன்னொரு மீட்டர். ஆக 8. அதை ஏழால் பெருக்கினால் 56 மீட்டர். அப்போது கயிறு விறைத்தாலும் தரையோடு 8 டிகிரிதான். ஆறு மீட்டர் ஆழம்தானே என்று 20 மீட்டர் விட்டால் 24 டிகிரியில் மேலே தூக்கும், எந்த நங்கூரமும் பிடுங்கிக்கொள்ளும். ஆட்கள் விழித்திருக்கும் பகலில் ஐந்து மடங்கு போதும். 10 மீட்டர் ஆழத்தில் இரவு தங்கினால் 84 மீட்டர் தேவை. அதனால்தான் 80 கயிறும் 10 சங்கிலியும்.

அடி என்ன என்று தெரியாமல் போடாதீர்கள். ஒரு ஈயக்கட்டியின் அடிப்பக்கம் துணி சோப்பைக் குழைத்து அப்பி, கயிற்றில் இறக்கித் தூக்கிப் பாருங்கள். சோப்பில் மணல் ஒட்டினால் நல்லது. பசைமாதிரி கறுப்புச் சேறு வந்தால் பிடிக்கும், ஆனால் மெதுவாக. ஒன்றும் ஒட்டாமல் சோப்பு நசுங்கி வந்தால் கல், அங்கே வேண்டாம். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் உண்டு. சோப்பில் மாவு மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் பொடி ஒட்டும். அங்கே நங்கூரம் முதலில் பிடித்தது போல் காட்டி, இழுவை ஏறினால் கத்தி வெண்ணெயில் போவது போல் போகும். நங்கூரத்தை இறக்கியதும் இழுக்காமல் பதினைந்து இருபது நிமிடம் தானாக அமிழ விட்டு, பிறகு இழுத்துப் பாருங்கள். அப்போதும் வந்தால் இடத்தை மாற்றுங்கள்.

போடும் முறை: காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ எதிராக, எது வலுவோ அதை எதிர்த்து மெதுவாக வந்து போட் நின்றதும் நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள். வீசி எறிந்தால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து சிக்கும். அடி தொட்டதும் போட் பின்னால் நகர நகரக் கயிறு விடுங்கள். 25 மீட்டரில் ஒரு முறை லேசாகப் பிடித்து நுனி திரும்ப விடுங்கள். முழு நீளமும் விட்டுக் கிளீட்டில் கட்டிய பிறகு இன்ஜினைப் பின்னோக்கி, முதலில் ஐடிலில், பிறகு மெல்ல மெல்ல ஏற்றி, பாதி த்ராட்டில் வரை கொண்டுபோய் அரை நிமிடம் வையுங்கள். அந்த அரை நிமிடம் ஒரு கை கயிற்றின் மேல் இருக்கட்டும். பிடித்திருந்தால் கயிறு விறைத்து அசையாமல் நிற்கும். இழுபட்டால் அடியில் வண்டி கப்பி ரோட்டில் போவது போல் கடகடவென்று ஓர் அதிர்வு உள்ளங்கைக்கு வரும். ஒரு முறை தொட்டு உணர்ந்தால் மறக்காது. கண்ணுக்கு அடையாளமாக, கரையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வரும் இரண்டைப் பிடியுங்கள்: அனல் மின் நிலையப் புகைபோக்கி ஒன்று, அதற்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம். இரண்டும் விலகினால் போட் நகர்கிறது. போனில் ஆங்கர் அலாரமும் வைக்கலாம், சுற்றும் வட்டத்தின் அளவு கொடுத்து.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல்சுவரும் தூண்டில் வளைவுகளும் இருக்கும் கரையோரத்தில் நங்கூரம் கல்லில் மாட்ட வாய்ப்பு அதிகம். அங்கே நிற்க வேண்டாம் என்பதுதான் முதல் பேச்சு. தவிர்க்க முடியாவிட்டால் நங்கூரத்தின் தலைப்பக்கக் கண்ணில் 8 மி.மீ. கயிறு ஒன்று கட்டி, ஆழத்தைவிட இரண்டு மீட்டர் கூடுதலாக விட்டு, நுனியில் ஒரு மிதவை. மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி எடுக்கலாம். சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கப்பல் வழிகளில் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது.

பழைய 12 கிலோ நங்கூரத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பாரில் மீன் பிடிக்க அது வேண்டும். இரண்டாவதாக 6, 7 கிலோ டான்ஃபோர்த் ஒன்று, 5 மீட்டர் சங்கிலி, 50 மீட்டர் கயிற்றோடு அமரத்தில் (போட்டின் பின்பக்கம்) இருந்தால் முதல் நங்கூரம் அறுந்த அன்று அதன் அருமை தெரியும்.

இரவில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று, இரண்டு கடல் மைலுக்குத் தெரிய வேண்டும். பகலில் அணியத்தில் ஒரு கறுப்புப் பந்து. 7 மீட்டருக்கு மேல் நீளமான படகுக்கு இது சர்வதேச விதி; உங்கள் போட் 7.9 மீட்டர். விதி கிடக்கட்டும், விடிவதற்கு முன்பே காசிமேட்டிலிருந்து ஃபைபர் போட்கள் முழு வேகத்தில் கிளம்பி வரும். இருட்டில் விளக்கில்லாத போட் அவர்கள் கண்ணில் படாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுது பார்க்க நிற்கும், பட்டறை ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். உங்கள் சங்கிலியையும் அப்போது முழுதாக வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உள்வளைவில் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். 8 மி.மீ. 7.2 ஆகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதற்குள் இருந்தால் சங்கிலியை முனை மாற்றிப் போடுங்கள், தேய்மானம் பங்கிடும். கயிற்றையும் அப்படியே.

கடைசியாகப் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. 110 கிலோமீட்டரில் உங்கள் போட் மேல் வரும் இழுவை, மேலே சொன்ன 445இன் இரண்டு மடங்கு, அலையைச் சேர்க்காமலேயே. இங்கே சொன்ன எந்தச் சாமானும் திறந்த கடலில் அதற்கு ஆனதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எச்சரிக்கைக் கூண்டு ஏறும் செய்தி வந்த அன்றே போட்டைக் கரையேற்றி, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.